மீன்கள் தூங்குகிற நிகழ்ச்சி

பல் செட் செய்வதுதான் அவர் தொழில். ஆனால் வீட்டிலும் வெளியிலும் அவரை எல்லாரும் ரேடியோ என்றுதான் சொல்வார்கள். ஆரம்பித்து வைத்தது அவர் மனைவி. கல்யாணமான புதிதில் மனுஷன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, அன்றைக்குக் கேட்ட நிகழ்ச்சிகளை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பதைப் பார்த்துவிட்டு, "இந்த ரேடியோவை எங்க திருகினா நிக்கும்னு தெரியலையே" என்று அந்த அம்மாள் மாமியாரிடம் சொல்லப்போய், மாமியார் அதை உறவுக்கெல்லாம் சொல்லி, பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

தொழில் அப்படிப்பட்டது. சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை, அதுதான் லேப். பல் டாக்டர்கள் அனுப்புகிற பிளாஸ்டர் அச்சுகள் மேஜை முழுக்க வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். மெழுகில் ஈறு கட்ட வேண்டும், அதில் ஒவ்வொரு பல்லாகப் பதிக்க வேண்டும், மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேருகிறதா என்று கடிக்கவைத்துப் பார்க்க வேண்டும், பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்ப வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. காது மட்டும் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற காதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முதலில் ஜன்னலோரம் ஒரு ரேடியோப் பெட்டி இருந்தது. அப்புறம் போன், இயர்போன், பாட்காஸ்ட் என்று ஒவ்வொன்றாக வந்ததும் மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அவர் கேட்காதது கிடையாது. அதிகாலையில் ஒரு வானொலி நிலையம் மீன்பிடிப் படகுகளுக்காகக் காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்று வாசிக்கும். ரேடியோவிடம் படகும் இல்லை, அவருக்கு நீச்சலும் தெரியாது. ஆனால் அதை வாசிக்கிற அம்மாள் "கடல் கொந்தளிப்பாக இருக்கும்" என்று சொல்கிற குரலுக்காகவே எழுந்து உட்கார்ந்துவிடுவார். பக்கத்து வீட்டுச் சண்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிற இரண்டு பெண் வக்கீல்கள் இருந்தார்கள். சுவர், மரக்கிளை, நாய் என்று அவர்கள் பிரித்து மேய்வதைக் கேட்டால் வக்கீலுக்குப் படிக்காமல் போனோமே என்று இவருக்கு இருக்கும். இன்னொருவர் பேசவே மாட்டார். பேக்கரி திறப்பதற்கு முந்தின சத்தம், கோர்ட் வராந்தாவின் சத்தம், காலி நீச்சல்குளத்தின் சத்தம் என்று வெறும் சத்தங்களைப் பதிவு செய்து போடுவார். எதுவானாலும் ரேடியோ ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் ஓடவிடுவார். நல்ல நிகழ்ச்சிகளுக்குக் கணக்கே இல்லை, நமக்கு ஆயுசுதான் குறைச்சல் என்பது அவர் கட்சி.

கேட்டதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. அனுப்புவார். டாக்டர் மருந்து எழுதிக் கொடுப்பதுபோல ஆளுக்கு ஏற்றபடி அனுப்புவார். மூட்டுவலிக்காரியான அம்மாவுக்கு மலையேறுகிறவர்களின் பேட்டி. கோபக்காரரான மாமனாருக்கு அந்த இரண்டு வக்கீல்கள். அனுப்பிவிட்டு, எந்த இடத்திலிருந்து கவனமாகக் கேட்க வேண்டும் என்று தன் குரலில் ஒரு விளக்கமும் சேர்த்து அனுப்புவார். சில சமயம் விளக்கம் நிகழ்ச்சியைவிட நீளம். யாரும் கேட்கவில்லை என்பது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. மாமனார் எல்லாவற்றுக்கும் "பிரமாதம்" என்று ஒரே பதிலை வைத்திருந்தார். தங்கச்சி மட்டும்தான் நேர்மையாக, "நேரம் கிடைக்கும்போது கேக்கறேண்ணா" என்பாள்.

தங்கச்சி அவரைவிட ரொம்ப இளையவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. புருஷன் ஒரு கம்பெனியில் மேலாளர், வீட்டில் அவரை எல்லாரும் மாப்பிள்ளை என்பார்கள். குறை சொல்ல முடியாத மனுஷன். குடி இல்லை, சிகரெட் இல்லை. மாமியார் வந்தால் எழுந்து நிற்பார். ரேடியோவின் அம்மா தன் பிள்ளையைத் திட்டும்போதெல்லாம் மாப்பிள்ளையைத்தான் உதாரணம் காட்டுவாள்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் தங்கச்சி பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். தனியாக ஓர் அறை எடுத்திருக்கிறாளாம். எங்கே என்று சொல்லவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து, நன்றாக இருக்கிறேன், தேடிக்கொண்டு வராதீர்கள் என்றாள். ஏன்டி, என்னடி ஆச்சு என்று அம்மா கதறியதற்கு அவள் சொன்ன பதில்தான் ரேடியோவின் தலையில் இடியை இறக்கியது. அண்ணன் அனுப்பியிருந்த மீன் நிகழ்ச்சியைப் போட்ட அன்றைக்குத்தான் முடிவு செய்தேன் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

அம்மா மூட்டுவலியையும் பார்க்காமல் மாடியேறி லேபுக்கே வந்துவிட்டாள்.

"என்னடா அனுப்பித் தொலைச்ச அவளுக்கு?"

"மீன் தூங்குறதைப் பத்திம்மா."

"மீன் தூங்கினா இவ எதுக்குடா வீட்டை விட்டுப் போறா?"

 ரேடியோவுக்கும் அதே கேள்விதான். நிகழ்ச்சி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கடல் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெரியவர் மீன்கள் எப்படித் தூங்கும் என்று விளக்குவார். மீனுக்கு இமை கிடையாது, கண்ணைத் திறந்தபடியேதான் தூங்கும். சிலது மணலுக்குள் புதைந்துகொள்ளும். அதில் புருஷன், பெண்டாட்டி, விவாகரத்து என்று ஒரு சொல்கூட இல்லை. இருந்தாலும் நமக்குத்தான் எங்கேயோ தப்பிவிட்டது என்று அவருக்குப் பட்டது. தப்பினது எது என்று கண்டுபிடித்துவிட்டால், அதற்கு மறுப்பாக வேறொரு நிகழ்ச்சியை அனுப்பித் தங்கச்சியைத் திரும்ப வரவழைத்துவிடலாம் என்றுகூட மனுஷன் யோசித்தார். தங்கச்சியின் குடும்பம் தன்னால் கெட்டது என்ற பேச்சு வந்துவிட்டதே என்ற கவலையில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் ஏறியது. ஒரு தடவை "மணலுக்குள் புதைந்துகொள்ளும்" என்ற இடம் சந்தேகமாகப் பட்டது. அடுத்த தடவை "கண்ணைத் திறந்தபடியே" என்ற இடம். அதற்கடுத்த தடவை பெரியவர் இருமுவதில்கூட ஏதோ உள்ளர்த்தம் இருப்பதுபோல் தோன்றியது. இந்தக் கலக்கத்தில் ஒருவருடைய கடைவாய்ப் பல்லை இடம் மாற்றிப் பதித்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் மாப்பிள்ளை லேபுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது, ஆனால் சட்டை கசங்கவில்லை. அவரைப் பார்த்ததும் ரேடியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை கோபப்படவே இல்லை. உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை மச்சான், அந்த நிகழ்ச்சியை நானும் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். இருந்தது ஒரே இயர்போன். ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டர் வாய்களுக்கு நடுவே இரண்டு ஆம்பிளைகளும் தலையோடு தலை இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார்கள்.

இவ்வளவு வேகமாகப் போனால் எப்படிப் புரியும் என்றார் மாப்பிள்ளை. ரேடியோ வேகத்தைக் குறைத்து, சாதாரணமாக ஓடவிட்டார். ஓடவிட்டவர் திகைத்துப் போனார். துடிப்பாகப் பேசுகிறவர் என்று அவர் இத்தனை நாளும் நினைத்திருந்த பெரியவர், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு வாய் தேநீர் குடித்துவிடலாம் என்கிற மாதிரி இழுத்து இழுத்துப் பேசினார். பின்னால் அலைச் சத்தம் வேறு. இதையா நாம் விறுவிறுப்பான நிகழ்ச்சி என்று எல்லாருக்கும் அனுப்பினோம் என்று ரேடியோவுக்கு வெட்கமாகிவிட்டது. தங்கச்சி கேட்டது இந்த நிகழ்ச்சியை, தான் கேட்டது வேறு ஏதோ ஒன்றை என்பதுபோல் இருந்தது.

மாப்பிள்ளை அசையாமல் கேட்டார். ஒரு வகை மீன் ராத்திரியானால் தன்னைச் சுற்றிக் கோழையால் ஒரு கூடு கட்டிக்கொண்டு அதற்குள் தூங்கும் என்றார் பெரியவர். வேட்டையாட வருகிறவற்றுக்கு அதன் வாசனை தெரியாமல் இருக்க அது உதவலாம் என்று சொல்லும்போது, நிறுத்துங்கள் என்று மாப்பிள்ளை கையைக் காட்டினார். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார்.

"வேட்டையாட வர்றது யாரு மச்சான்? நானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

ரேடியோவும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடிக்கும்போதுதான் கவனித்தார், மேஜையில் இருந்த பல் செட் ஒன்று மாப்பிள்ளையின் கைக்குப் போயிருந்தது. மெழுகில் பதித்திருந்த முன்பல் மீது கட்டைவிரலை வைத்து அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். பல் பெயர்ந்து கீழே விழுந்தது. ஐயோ, மன்னிச்சுக்கோங்க மச்சான் என்று பதறிப்போய்க் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார். பாவம், மனுஷன் எவ்வளவு நொந்து போயிருக்கிறான் என்றுதான் ரேடியோவுக்குத் தோன்றியது. போகும்போது, அவள் இருக்கிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள், நான் போய்ப் பேசிக் கூட்டி வருகிறேன் என்றார் மாப்பிள்ளை. நானே கண்டுபிடித்துச் சொல்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று ரேடியோ வாக்குக் கொடுத்தார்.

கண்டுபிடிக்க ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. இடம் அவர் மனைவிக்கே தெரியும். முதல் நாளே நாத்தனார் அண்ணியிடம் சொல்லிவிட்டாளாம். இத்தனை நாளும் நான் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, உனக்கு வாயில்லையா என்று ரேடியோ எகிறினார். அந்த அம்மாள் துணியை மடித்துக்கொண்டே, நீங்க இயர்போனைக் கழட்டுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன் என்றாள். அவர் மட்டும்தான் போக வேண்டும், இடத்தை ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் வழி சொன்னாள். மாப்பிள்ளைக்கு ஒரு வாக்கு, மனைவிக்கு அதற்கு நேர் எதிராக ஒரு சத்தியம். இதை எப்படிச் சமாளிப்பது என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

மருந்துக் கடைக்குப் பின்னால் சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, பாதி பிரித்த பெட்டி. தங்கச்சி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, அவருக்கும் ஒரு துண்டு தடவி நீட்டினாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. ரொம்ப நாளைக்கு முன்னால் பார்த்த முகம்போல இருந்தது. அதுவும் ரேடியோவைக் குழப்பியது. அழுதுகொண்டிருப்பாள், சமாதானம் சொல்லலாம் என்று தயாராக வந்தவர், ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், எத்தனையோ நாளாக மண்டையைக் குடைந்த கேள்வியையே கேட்டார்.

"எந்த இடம்மா? அந்த மீன் நிகழ்ச்சியிலே எந்த இடத்தைக் கேட்டு முடிவு பண்ணே?"

"நான் எங்கண்ணா கேட்டேன்? ஆரம்பிச்ச உடனே தூங்கிட்டேன்."

அவள் வேலை செய்கிற கடையின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டிகள் அடுக்கியிருக்கிற அறையில், சாப்பாட்டு இடைவேளையில் போட்டாளாம். அந்தப் பெரியவர் கடல் என்று ஒரு சொல் சொன்னார், அலைச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான் தெரியும். எழுந்தபோது கடை மூடுகிற நேரம். கூட வேலை செய்கிற பெண்கள் எழுப்ப மனமில்லாமல் விட்டிருந்தார்கள். அட்டைப் பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கியதில் கன்னமெல்லாம் கோடு. எழுந்து உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கியதே இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஏன், வீட்டில் மெத்தை சரியில்லையா என்று கேட்டார் ரேடியோ. கேட்டபிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

"வீட்டுல என் காது தூங்காதுண்ணா" என்றாள்.

பிறகு சொன்னாள். வண்டி வந்து நிற்கிற சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு எப்படி என்று. சாவி பூட்டில் போகிற விதம், செருப்பைக் கழற்றுகிற விதம், தண்ணீர் குடித்துவிட்டுத் தம்ளரை வைக்கிற விதம். எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத்தான் அடுத்து எங்கே நிற்பது, என்ன பேசுவது என்று அவள் முடிவு செய்வாள். பக்கத்தில் அவர் படுத்துத் தூங்கும்போதுகூட, அந்த மூச்சு மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடப்பாள்.

"அடிக்கிறாரா?" ரேடியோவின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அடிச்சா சொல்றது சுலபம்ணா. அடிக்க மாட்டார். ஒருநாள் தலைமேல தூக்கி வெச்சுக்குவார். மறுநாள் நான் அந்த வீட்டுல இருக்கறதே தெரியாத மாதிரி நடந்துக்குவார். வாரக்கணக்கா ஒரு பேச்சு இருக்காது. எதுக்குன்னு சொல்ல மாட்டார். நான்தான் என்ன தப்பு பண்ணேன்னு தேடிக்கிட்டே இருக்கணும்."

ரேடியோவுக்கு இது எதுவும் மாப்பிள்ளையோடு பொருந்தவில்லை. மாமியாருக்கு எழுந்து நிற்கிற மனுஷன், தரையில் குனிந்து பல்லைத் தேடி எடுத்துக் கொடுத்த மனுஷன். தங்கச்சி பொய் சொல்கிறவளும் இல்லை. இரண்டு அச்சும் சரியாகத்தான் இருக்கிறது, சேர்த்தால் மட்டும் கடி சேரவில்லை.

"எனக்கு ஒண்ணுமே புரியலம்மா" என்றார்.

"எனக்கே ரொம்ப நாள் புரியலை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் ரொட்டித் துணுக்குகளை மேஜையிலிருந்து கையால் கூட்டினாள். இரண்டு மூன்று தடவை சொல்லத்தான் போன் பண்ணினேன் என்றாள். நீ எடுத்ததும் அந்த வக்கீல் அம்மாக்கள் என்ன சொன்னார்கள் என்று ஆரம்பித்துவிடுவாய், முடிக்கும்போது எனக்குக் கடைக்கு நேரமாகிவிடும். கோபமாகச் சொல்லவில்லை. அப்படி நடந்தது என்கிற மாதிரிதான் சொன்னாள். ரேடியோவுக்கு அதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது.

மறுநாள் லேபில் இயர்போனைக் கையில் எடுத்தார், வைத்தார். மாட்டிக்கொள்ளப் பிடிக்கவில்லை. எதை நம்புவது என்று விளங்கவில்லை. தங்கச்சி சொன்னதைக் கேட்டால் தங்கச்சி பக்கம், மாப்பிள்ளையை நினைத்தால் மாப்பிள்ளை பக்கம். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் ஒருவர் பேச்சை மட்டும் கேட்டு முடிவு கட்டலாமா? கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் சரியாகிவிடுமோ? மெழுகு ஆறிக் கெட்டியாகிப் போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்துப் பார்க்கிற சத்தம், தெருவில் பாத்திரம் உருளுகிற சத்தம் எல்லாம் அவருக்குப் புதிதாகக் கேட்டன.

அப்போது யாரோ படியேறுகிற சத்தம் கேட்டது. இரும்புப் படி. தடதடவென்று, ஒவ்வொரு படியையும் மிதித்து உடைப்பதுபோல் ஏறி வந்தது. யாரோ டாக்டரின் ஆள், பல் செட் சரியில்லை என்று சண்டை போட வருகிறான் என்று நினைத்து ரேடியோ எழுந்தார். கதவுக்கு வெளியே சத்தம் நின்றது. யாரும் தட்டவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அது மெல்ல மெல்ல அடங்கியது. அப்புறம் மென்மையாக ஓரடி, இன்னும் ஓரடி. விரல் முனையால் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு. கதவு திறந்தது.

மாப்பிள்ளை சிரித்தபடி நின்றார். சட்டை கசங்கவில்லை.

"இடம் தெரிஞ்சுதா மச்சான்?"

தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ரேடியோ ஒரு கணம் யோசித்தார். பொய் சொல்ல நா எழவில்லை.

"தெரியும். சொல்ல மாட்டேன்."

மாப்பிள்ளையின் சிரிப்பு அப்படியே இருந்தது, கொஞ்சம்கூடக் குறையவில்லை. நீங்களுமா மச்சான் என்று மெதுவாகக் கேட்டார். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனார். படியில் காலடி இறங்கிப் போவதையும், கீழே வண்டி கிளம்புவதையும், அது தெருமுனையில் திரும்பி மறைவதையும் ரேடியோ நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்.  தங்கச்சி சொன்னதால்தான் தனக்கு அப்படிக் கேட்டதோ, உண்மையிலேயே அப்படித்தானோ, அதுவும் அவருக்கு நிச்சயமில்லை. செய்தது சரியா என்பதும் தெரியவில்லை. தங்கச்சிக்குப் போன் செய்தார்.

மாப்பிள்ளை வந்தார், நான் இடத்தைச் சொல்லவில்லை என்றார்.  பதிலுக்கு அவள் கேட்ட கேள்வி அவர் எதிர்பார்க்காதது.

"எப்படி ஏறி வந்தார்?"

"தடதடன்னு வந்தார். கதவுக்கு வெளியே..."

"நின்னாரா?"

"நின்னார். மூச்செல்லாம் அடங்கின பிறகு, மெதுவா கதவைத் தட்டினார்."

போனில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. ரேடியோ போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ உனக்கும் கேட்டுச்சாண்ணா" என்றாள் அவள்.